என்னால் இளைத்த மனிதர்

எங்கள் சந்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், என் வீட்டுக்காரர் இளைத்துப்போனதற்கு நான்தான் காரணம் என்பார்கள். நேராகச் சொல்லமாட்டார்கள். குழாயடியில் நான் குடத்தை வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, "உங்க ஊட்டுக்காரரு இப்ப எப்படீங்க இருக்காரு?" என்று கேட்பார்கள். அந்த விசாரிப்பிலேயே எல்லாம் இருக்கும். இதையெல்லாம் ஒரு பொம்பளை எழுதுவாளா என்றால், ஊரே என் படுக்கையைப் பற்றிப் பேசும்போது நான் மட்டும் எதற்கு வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும்?

அவர் பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர். நான் அதே கம்பெனியில் தைத்ததில் குறை பார்க்கிற செக்கிங். மகள் பிறந்து அவள் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை. அவருக்கு நாற்பது நெருங்கும்போதுதான் அந்தக் களைப்பு வந்தது. என்னோடு இருந்துவிட்டு எழுந்தால் மறுநாள் முழுக்க ஆள் துவண்டு கிடப்பார். கட்டிங் மேஜையில் சாய்ந்து நிற்பார். கால் உளைகிறது, கண் மங்குகிறது என்பார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார்.

கட்டிங் செக்‌ஷன் ஆம்பளைகள் டீ குடிக்கிற நேரத்தில் கூடிப் பேசி வியாதியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு சொட்டு விந்து போனால் நூறு சொட்டு ரத்தம் போன மாதிரியாம். செல்போன் வீடியோவில் யாரோ ஒரு வைத்தியர் சொன்னாராம். உடம்புச் சத்தெல்லாம் அந்த வழியில்தான் இறங்கிப் போகிறதாம். சரி, இவர் அதைத் தன்னோடு வைத்துக்கொண்டாரா? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். எந்த ஆம்பளையாவது இதைப் போய்ப் பெற்ற தாயிடம் சொல்வானா? இவர் சொன்னார்.

என் மாமியார் குரலை உயர்த்தியே பேசமாட்டார். அதுதான் கொடுமை. "ஏங் கண்ணு, ஆம்பளைங்க ஒடம்பு நம்ம ஒடம்பு மாதிரி இல்லீங் கண்ணு. நீங்கதான் பாத்து நடந்துக்கோணும். கொஞ்ச நாளைக்கு எங்கூடவே படுத்துக்குங்க" என்றார். அன்றைக்கே என் பாயும் தலையணையும் மாமியார் படுக்கிற சமையலறைக்குப் போயின. பாத்து நடந்துக்கோணுமாம்! ஏதோ நான்தான் தினமும் அவர் கையைப் பிடித்து இழுத்தமாதிரி. ஷிப்மெண்ட் சமயத்தில் ஓவர்டைம் முடித்து கம்பெனி வண்டியில் வந்து இறங்குகிறவளுக்குக் கட்டையைச் சாய்த்தால் போதும் என்றிருக்கும். அதை மாமியாரிடம் எடுத்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமல் இருக்க வயிறு எரிந்தது.

பிறகு உடம்பைத் தேற்றுகிற வேலை ஆரம்பித்தது. காலையில் உளுந்தங்களி, நடுவில் குழி பறித்துக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும். மதியச் சாப்பாட்டோடு தேனில் ஊறவைத்த பேரீச்சம்பழம். சாயங்காலம் பாதாம் அரைத்த பாலில் நாட்டுச் சர்க்கரை. கை கடுக்கக் களி கிண்டினது நான்தான். தேறவேண்டிய ஆள் இன்னும் இளைத்தார். பெல்ட்டில் ஆணியால் புதிது புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார்.

நான் அவரை விட்டுத் தள்ளிப் படுக்க ஆரம்பித்து மாதக்கணக்காகியும் களைப்பு போகவில்லை. அப்படியென்றால் காரணம் நானில்லை என்று ஒரு மனுஷருக்காவது தோன்ற வேண்டாமா? தோன்றியது, வேறு மாதிரி. மாமியார் தூங்கினதும் எழுந்து அவரிடம் போகிறேன் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள்.

பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிறார் என்றால் எங்கள் கம்பெனியில் மெடிக்கல் கேம்ப் வைப்பார்கள். அந்த வருஷமும் கேண்டீனில் மேஜை போட்டு, விரல் நுனியில் குத்தி சர்க்கரை பார்த்தார்கள். நான் கொடுத்துவிட்டு நேராகக் கட்டிங் செக்‌ஷனுக்குப் போனேன்.

"ஒரு சொட்டுத்தானுங்க. வந்து குடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"ஏம்புள்ள, இருக்கறதையும் உறிஞ்சிப்போடலாம்னு பாக்கறயா? ஏற்கெனவே ரத்தமில்லாத ஒடம்பு" என்றார் அவர்.

மேஜையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

அந்த ஒரு சொட்டை அன்றைக்குக் கொடுத்திருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும். கொடுக்கவில்லை. புதுச் செருப்பு கடித்துச் சுண்டுவிரலில் வந்த புண் ஆறாமல் கருத்த பிறகுதான், அவிநாசியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அந்தம்மா புண்ணைப் பார்த்தார், விரலைக் குத்தி ரத்தம் பார்த்தார். "சர்க்கரை எத்தன வருஷமா இருக்குதுங்க?" என்று கேட்டார்.

"சர்க்கரையெல்லாம் இல்லீங்க. எனக்கு வேற பிரச்சினைங்க" என்று இவர் குரலைத் தாழ்த்தி அந்தக் களைப்புக் கதையைச் சொன்னார். நடுநடுவே என்னை ஒரு பார்வை வேறு.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அதுல போறது ஒரு ஸ்பூன் கூட இருக்காதுங்க. அதனால எந்த ஆம்பளையும் இளைக்கறதில்ல. சர்க்கரை ரத்தத்துலயே நிக்குது, ஒடம்புக்குப் போய்ச் சேரல. அந்தக் களைப்புதான் இது. படி ஏறி எறங்குனாலும் இப்படித்தானுங்க இருந்திருக்கும்" என்றார். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். களியில் ஆரம்பித்து பாதாம்பால் வரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, "அய்யோ" என்றார்.

சுண்டுவிரலை எடுக்கவேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன். மன்னிப்பெல்லாம் கேட்கவேண்டாம். உன்னால் இல்லை புள்ள என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குத்தான் தவித்தேன். பாதி வழியில் வாய் திறந்தார்.

"ஏம்புள்ள, களியினாலதான் இப்படி முத்திப்போச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லிப்போடாத. மனசு ஒடஞ்சு போயிருவாங்க."

"அவங்க மனசு ஒடையும். எம் மனசு என்னங்க, உங்க கட்டிங் மேஜையா?" என்று கத்திவிட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். பார்க்கட்டும். இவர் மாத்திரைக் கவரை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

வீட்டு வாசலில் மாமியார் நின்றிருந்தார். பக்கத்து வீட்டு அக்காவும் நின்றிருந்தார். கட்டுப்போட்ட காலைப் பார்த்ததும் மாமியார் அழ ஆரம்பித்தார்.

"அழுவாதீங்கம்மா. சர்க்கரையாமா. பரம்பரையில வர்றதாமா" என்றார் இவர்.

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எங்க பரம்பரையில யாருக்குமே இல்லீங்களே கண்ணு" என்றார்.