கொடியில் கட்டிய போஞ்சி

“நான் எதுக்குச் சிரிச்சா உனக்கென்னடி? போஞ்சிய முறி, கறி ஆகட்டும்” என்று மருமகளை ஏசினேன். அவள் கையில் போஞ்சி, அதுதான் பீன்ஸ், டக்கென்று முறிந்த சத்தத்தில்தான் எனக்கு முருங்கன் வெயில் ஞாபகம் வந்து சிரித்திருந்தேன்.

குளிரான மலைநாட்டிலிருந்து வறண்ட முருங்கன் ஊருக்குக் குடிவந்தபோது எனக்குப் பத்து வயது. அம்மா முந்தானையில் போஞ்சி விதை முடிந்து கொண்டுவந்தாள். கொடி ஏறியது, பூத்தது. அந்த வெக்கையில் பூவெல்லாம் கொட்டியது. அவள் விடாமல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள்.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். “இஞ்சத்த வெயிலுக்கு நீளப் பயற்றங்காய்தான் காய்க்கும். உங்கட மலைப் போஞ்சியும் நிக்காது, நீங்களும் நிக்கமாட்டியள்.”

அன்று அம்மா சாப்பிடவில்லை. மறுநாள் நான் சந்தையில் கால் கிலோ போஞ்சி வாங்கி, கொடி முழுக்க நூலால் கட்டித் தொங்கவிட்டேன்.

அந்த அக்கா நாலு பேரைக் கூட்டிவந்து காய்களைக் காட்டி வாயைப் பிளந்தாள். பிறகு நூலைக் கண்டுவிட்டாள்.

“ஐயோ, கட்டியெல்லோ வச்சிருக்கினம்!”

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வேலியோரம் போய் நின்று அவர்களிடம் சொன்னேன்:

“ஆமாக்கா, நான்தான் கட்டுனேன். கொடியத்தான் மாத்துவோம், ஊர மாத்த மாட்டோம். பயத்தங்கா விதை இருந்தா ஒரு பிடி குடுங்க!”