நடந்து போகும் தூரம்

எங்கள் அலுவலகத்துக்குத் துறைமுகத்தடியில் ஒரு புதுக் கட்டடம் பார்த்திருந்தார்கள். அது சரிவராவிட்டால் கந்தளாய்க்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. நான் இருக்கும் உப்புவெளியிலிருந்து தினமும் கந்தளாய்க்குப் பஸ்ஸில் போய்வர என்னால் முடியாது. வேலையை விட வேண்டியதுதான். ஆகவே, சாப்பாட்டுக் கடை, வங்கி, மருந்துக்கடை எல்லாம் கட்டடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ளனவா என்று பார்க்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். நடக்கக்கூடிய தெருவைக் கைபேசி வரைபடத்தில் பச்சையாக்க வேண்டும். நடந்து பார்க்காமல் பச்சையாக்கக் கூடாது என்பது மேலாளரின் கண்டிப்பு.

சாப்பாட்டுக் கடையும் வங்கியும் பக்கத்திலேயே இருந்தன. மருந்துக்கடைக்குத்தான் சிக்கல். சுற்றிப் போனால் தூரம்; குறுக்குத் தெரு கடற்படை முகாமின் மதிலோரமாகப் போகிறது. சாப்பாட்டுக் கடை நடத்தும் பெண்ணிடம் அந்தத் தெருவைக் காட்டி, "அக்கா, உதால நடக்கலாமோ?" என்று கேட்டேன். நான் கேட்டது தூரத்தைப் பற்றி. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓம், இப்ப விடுறாங்கள். போனைக் கையில வச்சுக்கொண்டு போகாதேங்கோ."

கையில் பிடிக்காமல் எப்படி அளப்பது? குடையைக் கக்கத்தில் இடுக்கி, கைபேசியைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். உச்சி வெயில். தெருவில் ஒருவரும் இல்லை. காவலரண் தெரிந்தது. படம் எடுக்கிறாள் என்று நினைத்தால்? கைபேசியைப் பறித்தால்? உள்ளே கூப்பிட்டால்? போர் முடிந்து எவ்வளவு காலம், உனக்கென்ன விசரா என்று என்னையே ஏசிக்கொண்டேன். இருந்தும் நடையை எட்டிப் போட்டேன்.

"அக்கா!"

சிப்பாய் ஒருவன் காவலரணிலிருந்து இறங்கி வந்தான். அவன் மேலே ஒரு சொல் பேசுமுன் என் கை பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்து நீட்டிவிட்டது. அவன் முழித்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். சோதனைச் சாவடிகளில் நாங்கள் அட்டையோடு வரிசையில் நின்ற காலத்தில் அவன் பால்குடிப் பிள்ளையாக இருந்திருப்பான்.

"அட்டை வேணாம் அக்கா. குடை விழுந்தது," என்று எனக்குப் பின்னால் கை காட்டினான்.

குடையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடை வாசலுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தேன். அந்தத் தெருவைப் பச்சையாக்கினேன். என் வேலை தப்பியது. பிறகு தெருவில் போன ஓட்டோவை மறித்து, புதுக் கட்டடத்துக்கே திரும்பிப் போகச் சொன்னேன்.

"உது கிட்டத்தானே அக்கா, மதிலோரமா நடக்கலாமே?" என்றார் ஓட்டோக்காரர்.

"ஏலாது தம்பி," என்றேன். "சுத்திப் போங்கோ."