மணி ஓயும்வரை நிற்கிறேன்

தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கப் போய், ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்ததில் என் கணவருக்கு வலப்பக்கம் வாதம் வந்து விழுந்துவிட்டது. இடது கை மட்டும் நடுக்கத்தோடு அசையும். கப்பலில் வேலை பார்க்கும் எங்கள் மகன், லீவில் வந்தபோது மவுஸின் பட்டன்களை இடது கைக்கேற்ப மாற்றி, அம்புக்குறியின் வேகத்தையும் குறைத்துவைத்தான். அதன்பிறகு அவனுடைய வீடியோ அழைப்புகளை இவரே எடுத்தார். அவர் தானாகச் செய்த ஒரே வேலை அது.

சத்தம் வருகிறதென்று கம்ப்யூட்டரை ரிப்பேர் கடையில் கொடுத்தேன். மவுஸ் விஷயத்தைச் சொல்லத் தோன்றவில்லை. திருப்பித் தரும்போது கடைக்காரர், "மவுஸ் ஆமை மாதிரி ஊர்ந்துச்சுக்கா. பட்டனும் மாறிக் கெடந்துச்சு. எல்லாம் சரி பண்ணிட்டேன்" என்றார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அன்று மாலை மகன் கூப்பிட்டான். அம்புக்குறி திரையெங்கும் பாய்ந்தது. ஒருவழியாக, அழைப்பை எடுக்கும் பச்சை வட்டத்தில் நிறுத்தி இவர் அழுத்தினால் வேறு ஏதோ திறந்தது. நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் மணி நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன், போகவில்லை. கப்பல் கிளம்பியிருக்கும், அடுத்த துறைமுகம் வரை அவனைப் பிடிக்க முடியாது.

"ஏளா, இனி நீயே எடு" என்றார்.

மறுநாளே கடையில் சொல்லி மவுஸை அவருக்கேற்றபடி மாற்றி வாங்கிவந்தேன். அவர் மவுஸைத் தொடவில்லை. இப்போது மகன் கூப்பிட்டால் நான் உடனே எடுப்பதில்லை. மவுஸை அவர் கைக்குப் பக்கத்தில் நகர்த்திவிட்டு நிற்கிறேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மணி ஓயப்போகும் நேரத்தில் நானே எடுக்கிறேன்.