ஆறுமணிக்குருவி கூவிய மூன்றரை மணி

இந்நிகழ்ச்சி நடந்த காலத்தில் நான் யாராக இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுவதே முறை. எங்கள் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பின் முதல் மாணவன் நான். வகுப்புத் தலைவனும் நானே. முற்றத்துச் சவுக்கு மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை அடித்துப் பாடசாலைக்கு நேரம் அறிவிக்கும் பொறுப்பும் என்னுடையது. என் தகப்பனார் கணக்கப்பிள்ளை, அதாவது மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களை மேற்பார்வை செய்பவர். பின்னாளில் நான் கல்லூரியில் படித்துப் பெற்ற பட்டத்தையும் வகித்த பதவிகளையும் இங்கே அடுக்க வேண்டியதில்லை. இவன் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பெயர் எனக்குப் பத்து வயதிலேயே இருந்தது. அந்தப் பெயருக்கு ஒரு குருவியால் நேர்ந்ததைத்தான் எழுதுகிறேன்.

ஐப்பசி மழை பிடிக்கும் நாட்களில் அது எங்கள் மலைக்கு வந்து சேரும். அதன் இனத்தார் வெப்பநாட்டுக் காடுகளில் பல நிறங்களில் பலர் இருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து கடல் தாண்டி எங்களிடம் வருவது இந்த ஒன்றுதான். பச்சை முதுகு, நீலத் தோள், கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு. இத்தனை அழகை வைத்துக்கொண்டு அது மரத்தில் ஏறிக் காட்டுவதில்லை. ஓடைக்கரைக் காட்டின் தரையிலேயே தத்தித் தத்தி, உதிர்ந்த இலைகளைப் புரட்டிப் புழு தேடும். விடியும்போதும் இருட்டும்போதும் இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும். ஆகவே அதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயர்.

பெயரை மட்டும் நம்புகிறவன் அல்லன் நான். தொடர்ந்து ஐந்து மாலைகள் ஓடைக்கரையில் நின்று, ஆலைச் சுவரில் இருந்த பெரிய கடிகாரத்தைப் பார்த்துக் குருவி கூவிய நேரத்தைக் கொப்பியில் குறித்தேன். ஐந்து நாளும் ஆறு மணியை ஒட்டியே கூவிற்று. தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் அதை வாசிக்கச் செய்தார். அதன் பிறகு, நேரம் கேட்டவர்களுக்கெல்லாம் குருவியைக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த மாதம் தோட்டத்துக்குப் புதிய துரை வந்திருந்தார். மழையானாலும் பனியானாலும் ஐந்து மணிக்கு முன் ஒருவரும் மலையை விட்டு இறங்கக் கூடாது என்பது அவர் போட்ட முதல் உத்தரவு. மீறி இறக்கும் கணக்கப்பிள்ளை வேலையை இழப்பார். வேலை போனால் நாங்கள் குடியிருந்த கணக்கப்பிள்ளை வீடும் போகும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து அறைக்குத் திரும்ப வேண்டியதுதான். என் தாயார் அன்றாடம் விளக்கு வைக்கும்போது வேண்டிக்கொண்டது அது நேரக் கூடாது என்பதைத்தான்.

ஒரு நாள் பாடசாலை விட்டதும் தகப்பனாருக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு உச்சி மலைக்குப் போனேன். எதிரே நிற்பவர் முகம் தெரியாத பனி. சூரியன் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை. ஆலைச் சங்கு அந்த மலைக்குக் கேட்பதில்லை. தகப்பனாரின் விசில்தான் அங்கே சங்கு. பெண்கள் அட்டைக்கடியை ஏசிக்கொண்டே பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் தேயிலைச் செடியைப் பிடித்தபடி நிரையில் உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம் என்று பின்னர் கேள்விப்பட்டேன். அப்போது சோம்பேறி என்றே நினைத்தேன். தகப்பனாரின் தங்கையான என் அத்தை அவரிடம் வந்து தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அண்ணே, நாள் தள்ளிப் போகும்னு சொன்னாங்க. இது தள்ளிப் போறாப்ல தெரியல."

அவர் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சமயத்தில் ஓடைப்பக்கத்திலிருந்து குருவி கூவிற்று. மறுபடியும் கூவிற்று.

தகப்பனார் என்னைப் பார்த்தார். "தம்பி, இது எத்தன மணிக்குக் கத்தும்னு சொன்ன?"

"ஆறு மணிக்குப்பா," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் கோட்டுப் பையிலிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "இது நின்னு போச்சு போல," என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினார்.

பெண்கள் கூடைகளைத் தூக்கினார்கள். உட்கார்ந்திருந்தவளை நால்வர் தங்கள் இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்குகளை அவிழ்த்துக் கட்டிய தூளியில் கிடத்திச் சுமந்தார்கள். மற்றவர்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டு இறங்கினார்கள். அரைமணி நேரம் இறங்கி, கொழுந்து நிறுக்கும் மடுவத்தை அடைந்தபோது சுவர்க்கடிகாரம் நான்கு காட்டிற்று.

கொழுந்து ஏற்ற வந்த லொறி, கொழுந்துக்கு முன்பாக அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. சற்று நேரத்தில் துரை வந்தார்.

"கணக்கப்பிள்ளை, மணி என்ன?"

"பனியில தெரியலங்க தொரை. ஆறுமணிக்குருவி கத்துச்சு. கடிகாரமும் நின்னு போச்சு."

"காலையில ஆபிசுக்கு வா," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தூளி சுமந்து வந்தவர்களில் ஒருத்தி என் கன்னத்தைக் கிள்ளினாள். "படிச்ச புள்ள வச்ச மணி, தங்கமான மணி. நாளைக்கும் கொஞ்சம் வெள்ளனக் கத்தச் சொல்லுங்க தம்பி." மடுவமே சிரித்தது. வகுப்பில் முதலாக நிற்கும் ஒருவன் அதுவரை கேட்டிராத சிரிப்பு அது.

வீட்டில் தாயார் அலுமாரியில் இருந்த பாத்திரங்களை எடுத்து எடுத்துத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். எதைக் கட்டுவது, எதை விடுவது என்று பார்த்தார் போலும். நான் ஐந்து நாள் குறிப்பையும் மீண்டும் வாசித்தேன். ஐந்தும் வானம் வெளுத்திருந்த மாலைகள். குருவிக்கு மணி தெரியாது, வெளிச்சம் குறைவதுதான் தெரியும் என்பது அப்போது விளங்கிற்று.

காலையில் தகப்பனாருக்குப் பின்னால் நானும் ஆபிசுக்குப் போனேன். அவர் திரும்பிப் போகச் சொல்லியும் போகவில்லை. துரையின் மேசையில் கொப்பியை விரித்து வைத்தேன்.

"பிழை என்னுடையதுங்க தொரை. வெயில் நாளில மட்டும் பார்த்திட்டு எல்லா நாளுக்கும் சேர்த்துச் சொல்லிட்டேன். பனி மூடினா இது எந்நேரமும் கத்தும். எங்க அப்பா என்னை நம்பினாங்க."

துரை கொப்பியைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். "மகன் உன்னைவிட நல்லா விளக்கம் சொல்றான். போய்க் கடிகாரத்தைச் சரி பண்ணு." அத்துடன் விசாரணை முடிந்தது. வேலையும் வீடும் எங்களிடமே இருந்தன. ஆஸ்பத்திரியில் முதல் நாள் மாலையே பெண் குழந்தை பிறந்திருந்தது. தாயும் சேயும் நலம் என்று அத்தை வழியிலேயே நின்று சொன்னாள். உண்மையை ஒப்புக்கொண்டு குடும்பத்தைக் காப்பாற்றியவன் என்று நான் நிமிர்ந்து நடந்தேன்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். முதல் நாள் மாலை, தகப்பனாரின் நனைந்த கோட்டை அடுப்பருகே காயப்போட்டவன் நான். பைக்குள்ளிருந்து டிக் டிக் என்ற ஓசை கேட்டது. எடுத்துப் பார்த்தேன், ஐந்து மணி. அதே நேரத்தில் ஆலையில் ஐந்து மணிச் சங்கு ஊதிற்று. பனியில் உறைந்த கடிகாரம் அடுப்புச் சூட்டில் மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது என்று மகிழ்ந்து, அதைத் திரும்பப் பையில் வைத்துவிட்டேன்.

ஏழெட்டு ஆண்டுகள் கழித்துக் கல்லூரி விடுதியில் என்னுடைய கைக்கடிகாரம் நின்றுபோயிற்று. உதறியதும் ஓடிற்று, ஆனால் ஒரு மணி நேரம் பின்தங்கிக் காட்டிற்று. தகப்பனாரின் கோட்டுப் பையிலிருந்த கடிகாரம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நின்ற கடிகாரம் தானாகச் சரியான நேரத்துக்கு வந்து சேராது என்பது ஐந்தாம் வகுப்பின் முதல் மாணவனுக்குத் தோன்றவில்லை. தனியாக இறங்கினால் அந்தப் பெண்ணும் சுமந்தவர்களும் அகப்படுவார்கள், எல்லோரும் இறங்கினால் பிழை ஒரே ஒருவருடையது என்பதும் தோன்றவில்லை.

விடுமுறையில் தகப்பனாரிடம் கேட்டேன். "அது அன்னைக்கு மட்டும் நின்னுச்சுப்பா," என்றார்.

அன்று பிறந்த பெண் பின்னர் ஆசிரியையாகிக் கொட்டகலைப் பக்கத்தில் அதிபராகவும் இருந்து, ஓய்வுபெற்ற பின்னும் பிள்ளைகளைக் காட்டோரம் அழைத்துச் சென்று ஆறுமணிக்குருவியைக் காட்டுகிறார். இந்த ஐப்பசியிலும் அது வந்திருக்கிறது, நானே கேட்டேன். போன மாதம் பாடசாலை விழா ஒன்றில், நான் மேடையில் இருக்கும்போதே, இந்தக் குருவி அந்நாளில் ஒரு கணக்கப்பிள்ளையை ஏமாற்றிய கதையை அவர் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவர் சொன்னது சரியன்று. என் தகப்பனார் ஏமாறவில்லை. விசில் ஊதியபோது அவர் கடிகாரத்தில் மணி மூன்றரை. அது ஓடிக்கொண்டிருந்தது.