ஊட்டிவிட வருகிறவர்கள்

விருந்தாளி வரும் நாளில் அந்த இல்லத்துப் பிள்ளைகளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. பிறந்தநாள், கல்யாணநாள், கடை திறந்த நாள் என்று ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டு யாராவது கேக்கோடு வருவார்கள். வருகிறவர் தன் கையால் ஊட்ட வேண்டும். ஊட்டும்போது பிள்ளை ஆவலாக வாயைத் திறக்க வேண்டும். திறந்த வாயோடு ஒரு படம் எடுக்க வேண்டும். வயிறு நிறைந்த பிள்ளை வாயைத் திறக்காது என்பதால் பட்டினி போட்டு வைப்பார்கள். இதற்கு மேனேஜர் வைத்திருந்த பெயர் ஒத்துழைப்பு.

"மிருகக்காட்சி சாலையிலகூட டிக்கெட் வாங்கினவன் கையில தீனியைக் கொடுக்க மாட்டாங்க சார்" என்றாள் அங்கே நர்ஸாகச் சேர்ந்திருந்த சிஸ்டர், இந்த வழக்கத்தை முதன்முதலாகக் கேள்விப்பட்ட அன்று. அன்றைக்கே ஆயாக்கள் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கு அது தெரியும். சமையலறைக்குப் போன் போட்டால், "சிடுமூஞ்சி பேசறேன், கஞ்சி தண்ணியா இருக்கு, இன்னும் கொஞ்சம் கெட்டியாக்குங்க" என்பாள்.

அவள் முதலில் வேலை பார்த்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பச்சைக்குழந்தைகள் வார்டில். ஒரு குழந்தை கொஞ்சம் வேறு மாதிரி பிறந்துவிட்டால் அந்தக் கட்டிலைச் சுற்றி நடப்பதையெல்லாம் அங்கேதான் பார்த்தாள். முதல் நாள் கூட்டமாக வந்த சொந்தம் மறுநாள் பாதியாகும். அதற்கும் மறுநாள் பெற்றவள் மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். வெளி வராந்தாவில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் குற்றம் யார் பக்கம் என்று பஞ்சாயத்து நடத்துவார்கள். ஒரு செல்லுக்குள் ஒரு குரோமோசோம் கூடுதலாகப் போய் உட்கார்ந்ததற்கு மருமகளின் ஜாதகத்தைப் புரட்டுவார்கள். கருவில் இதயச் சுவர் மூடாமல் போனதற்கு முற்பிறவியில் குற்றவாளியைத் தேடுவார்கள். கையில் இருக்கும் பிறவியில் குழந்தைக்குப் பால் கொடுக்க மட்டும் ஆள் இருக்காது.

அந்தக் கோபத்தில்தான் இந்த இல்லத்துக்கு வந்தாள். இங்கே சில பிள்ளைகள் தங்கியிருப்பவர்கள், சிலர் காலையில் வந்து மாலையில் போகிறவர்கள். உடம்பு விறைத்தவர்கள், பேச்சு வராதவர்கள், வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாதவர்கள்.

அவள் உண்டாகியிருந்தபோது மாமியார் பிடித்துக்கொண்டார். "இந்த நேரத்துல அந்த முகங்களையே பாத்துக்கிட்டிருந்தா வயித்துல இருக்கிறதும் அப்படியே வந்துடும்மா."

"நீங்க மாமா முகத்தைத்தானே பாத்துக்கிட்டிருந்தீங்க அத்தை. உங்க பிள்ளை மீசையோடவா பிறந்தார்?"

உள் அறையில் கணவன் சிரித்தது கேட்டது. மாமியாருக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் குழந்தை நலமாகப் பிறந்தபோது, "நான் வேண்டிக்கிட்டது வீண் போகல" என்றார்.

"வேற மாதிரி பிறந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"வாயைக் கழுவு."

"பிறந்திருந்தாலும் எப்படி ஊட்டணும்னு எனக்குத் தெரியும் அத்தை."

ஊட்டுவது என்பது அங்கே பெரிய வேலை. பிள்ளையை நேராக உட்கார வைக்க வேண்டும். தாடை சற்றுக் கீழே இறங்கியிருக்க வேண்டும். சின்னக் கரண்டியால் நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி வைத்துவிட்டு, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை விழுங்கியது போதாது, இரண்டாம் முறையும் விழுங்க வேண்டும். பிறகு குரலைக் கேட்க வேண்டும். குரல் ஈரமாகக் களகளத்தால் உணவு இன்னும் தொண்டையில் நிற்கிறது என்று பொருள். அவசரப்பட்டால் அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும்.

குருவி என்று ஒரு சிறுமி இருந்தாள். கரண்டியைக் கண்டால் குருவிக்குஞ்சு போல வாயைப் பிளப்பாள். ஒரு விருந்தாளி அவளை மடியில் மல்லாக்கப் போட்டு, தலை பின்னால் தொங்க, வாயில் ஒரு துண்டு கேக்கை வைத்தார். சிஸ்டர் அறையின் அந்தக் கோடியில் வேறொரு பிள்ளையோடு இருந்தவள் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். குருவி இருமவில்லை. அப்பாடா, தப்பினோம் என்று நினைத்துக்கொண்டாள். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் செய்யவே கூடாத தப்பு அது. இருமல் வராததைக் கண்டு நிம்மதி அடைவது. குருவிக்கு இருமும் வலுவே இல்லை. காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், திரும்பி வரவில்லை. நுரையீரலுக்குள் உணவு போயிருக்கிறது என்று டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்.

இல்லத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து மேனேஜர் பேசினார். "தெய்வக் குழந்தை. தெய்வமே கூப்பிட்டுக்கிட்டது."

"தெய்வம் எதுக்கு சார் கேக்கோட வந்துச்சு?" என்றாள் சிஸ்டர். அடுத்த வாரமே இன்னொரு பிறந்தநாள் வந்தது.

இனி வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் உடம்பெல்லாம் விறைத்துப்போன பையன் அவன். வலது கை மட்டும் எந்நேரமும் மேலே எழும்பி, ஒரு விரல் நீண்டு நிற்கும், வகுப்பு முழுவதையும் கேள்வி கேட்பது போல. அதனால் அந்தப் பெயர். அவன் அம்மா ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்கிறவள். காலையில் அவனைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்து விட்டுப்போவாள். அவனுக்கு ஏற்கெனவே நுரையீரல் கெட்டிருந்தது. இன்னொரு முறை உணவு அதற்குள் போனால் தாங்க மாட்டான், பழகிய கை மட்டுமே ஊட்டட்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒரு துணிக்கடை முதலாளிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. நீட்டிய விரல் தன்னைத்தான் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டார். தன் பிறந்தநாளுக்கு அவனுக்குத் தன் கையாலேயே ஊட்ட வேண்டும் என்றார், இல்லத்துக்கு ஒரு வேன் வாங்கித் தருவதாகவும் சொன்னார். பிள்ளைகளை வீட்டிலிருந்து கூட்டிவர வேன் உண்மையிலேயே தேவைதான். வரி கட்டுகிற ஊரில், விறைத்த பிள்ளைகளை ஏற்றிவர ஒரு வேன் கிடைப்பதற்கு ஒரு முதலாளி பிறந்திருக்க வேண்டியதாகிறது.

"ஒரு வாய்தானே சிஸ்டர்" என்றார் மேனேஜர்.

"ஒரு வாய்தானே சிஸ்டர்" என்றாள் வாத்தியாரின் அம்மாவும். "இவன் கனத்துக்கிட்டே போறான். பஸ்ல எனக்கு இடுப்பு கழண்டுடுது. வேன் வந்தா..."

"குருவிக்கும் ஒரு வாய்தாம்மா."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவளைத் திட்டச் சிஸ்டருக்கு நாக்கு எழவில்லை. பிள்ளையின் மூச்சையும் தன் இடுப்பையும் தராசில் வைத்துப் பார்க்கும்படி ஒரு தாயை விட்டவர்களைத் திட்டத்தான் எழுந்தது.

பிறந்தநாளன்று மேனேஜர் சிஸ்டரைத் துணி அறைக்கு அனுப்பினார், போர்வை மடிக்க. மதியம் தாண்டியும் முதலாளியைக் காணோம். கூடத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக அழ ஆரம்பித்தார்கள். பசி வந்தால் வாத்தியாரின் உடம்பு வில்லாக வளைந்து இறுகும், அப்போது விழுங்குவது இன்னும் ஆபத்து. அவன் குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது. சிஸ்டர் போர்வையைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அவனுடைய கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து, அவனை நாற்காலியில் நிமிர்த்தி, இறுக்கம் தளரும்வரை தோளைத் தடவி, ஊட்டத் தொடங்கினாள். மற்ற பிள்ளைகளுக்கும் கொண்டுவரும்படி ஆயாக்களிடம் சொன்னாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு கொண்டுவந்தார்கள்.

நாலைந்து கரண்டி போயிருக்கும். முதலாளி குடும்பத்தோடு உள்ளே வந்தார். பின்னால் வாத்தியாரின் அம்மா, அலுவலகத்தில் அனுமதி கேட்டு ஓடிவந்தவள், வாசலிலேயே நின்றாள்.

"சிஸ்டர், எழுந்திருங்க" என்றார் மேனேஜர்.

அவள் வாத்தியாரின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொடுங்கம்மா, நான் ஊட்டறேன். இன்னைக்கு எனக்குப் பிறந்தநாள்" என்றார் முதலாளி.

"உங்களுக்குப் பிறந்தநாள். இவனுக்கு மதியச் சாப்பாடு."

"நான் என்ன விஷமா கொடுக்கப் போறேன்?"

"கேக் கொடுக்கப் போறீங்க. இவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

முதலாளியின் முகம் கறுத்தது. மேனேஜர் வாசல் பக்கம் திரும்பினார். "பிள்ளை உங்களுது. நீங்களே சொல்லுங்கம்மா."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மகனைப் பார்த்தாள். வாத்தியார் ஏதோ சத்தம் போட்டான், குரல் களகளத்தது. சிஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவன் மறுபடி விழுங்கினான். குரல் தெளிந்தது.

"வேன் வேண்டாம்னு சொல்லலீங்க ஐயா" என்றாள் அம்மா. "அவன் சாப்பிட்டு முடிக்கட்டும்." சொல்லிவிட்டு மகனின் பின்னால் போய் உட்கார்ந்து, தலை சாயாமல் இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சிஸ்டர் அவசரப்படவில்லை. ஒரு கரண்டி, பிறகு காத்திருப்பு. மறுபடி ஒரு கரண்டி. பட்டுப்புடவைகள் காலை மாற்றி மாற்றி நின்றன. கேக்கின் கிரீம் வெக்கையில் சரிந்தது. கேமரா வைத்திருந்த மருமகன் போனைத் தடவினான். "இது பாக்க நல்லாவே இல்லை" என்று முதலாளியின் மனைவி சொன்னாள். கிண்ணம் காலியாவதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். வாத்தியார் அன்றிரவும் மறுநாளும் காய்ச்சல் இல்லாமல் இருந்தான்.

வேன் வரவில்லை. அம்மா இன்னும் இரண்டு பஸ் ஏறுகிறாள். இடுப்பு வலி அதிகமான நாட்களில் சிஸ்டரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சிஸ்டர் அதைக் குறையாகச் சொல்வதில்லை. மேனேஜர் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை, அந்தச் சம்பளத்துக்கு வேறு நர்ஸ் கிடைக்காததால்.

சில மாதம் கழித்து, நகரத்தின் மறுகோடியில் உள்ள வேறோர் இல்லத்தின் முன்னால் அந்த வேன் நிற்பதை அவள் பார்த்தாள். பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு முதலாளியின் பெயர். அப்படியென்றால் உள்ளே யாரோ ஒரு பிள்ளை அவருக்காக வாயைத் திறந்திருக்கிறது. அவர் வந்த நாளில் எல்லாப் பிள்ளைகளும் பட்டினி கிடந்திருக்கிறார்கள்.

அடுத்த விடுமுறை நாளில் அவள் பஸ் ஏறி அங்கே போனாள். காவலாளி கேட்டைப் பாதி திறந்து, யாரைப் பார்க்க வேண்டும், நன்கொடையா என்று கேட்டான்.

"இல்லப்பா" என்றாள். "இங்கே பிள்ளைங்களுக்கு ஊட்டறது யாரு?"