சன்னலோர நாற்காலிக்காரர்

மதிய இடைவேளையில் நாங்கள் எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்தில், அவர் கீழே வண்டி நிறுத்துமிடத்தில் யாருடைய காரையோ குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். தொட மாட்டார், கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். ஒரு நசுங்கல் கண்ணில் பட்டுவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் அதன் கதையைச் சொல்லாமல் மாடி ஏற மாட்டார். "தூண்ல இடிச்சிருக்கு. ரிவர்ஸ்ல, அதுவும் மெதுவாத்தான். ஆனா வீட்டுல போய், நிறுத்தி வெச்சிருந்தப்போ எவனோ இடிச்சுட்டுப் போயிட்டான்னு சொல்லியிருப்பாரு மனுஷன்." ஒருமுறை அப்படி அவர் கதை சொன்ன கார் எங்கள் மேலாளருடையது. மேலாளர் பின்னாலேயே நின்றிருந்தார். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு மாடி ஏறிவிட்டார்.

வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் என் பக்கத்து மேஜை அவருடையது. மோதிய வண்டிகளின் படங்கள் அவருடைய திரைக்கு வரும். சரியென்றால் ஒரு பொத்தான், சந்தேகமென்றால் இன்னொன்று. இரண்டாவதை அவர் அழுத்தி நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. படம் முழுசாகத் திறப்பதற்குள் 'சரி'யைத் தட்டிவிடுவார். "கம்ப்யூட்டரே பாத்துட்டுத்தான் அனுப்புது. அதுக்கு மேல நான் என்னத்தப் பாக்க? சும்மா தலையாட்டுற உத்தியோகம்." காலையிலேயே வேலை முடிந்துவிடும். அதன்பிறகு சாயங்காலம் வரை வேலை பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதில்தான் உடம்பு அசந்து போகிறது என்பது அவர் கட்சி.

இப்படி உட்கார்ந்து அசந்து போவதற்கென்றே செய்தது போல ஒரு நாற்காலி அவருக்கு வாய்த்திருந்தது. ஓய்வுபெற்றுப் போன பெரிய அதிகாரி ஒருவர் விட்டுச்சென்றது. சன்னலோரம், தலை சாய்க்க மெத்தை, எவ்வளவு வேண்டுமானாலும் பின்னால் சாயும். அவர் விடுப்பில் இருக்கும் நாளில் யாராவது ஆசையாகப் போய் உட்கார்ந்தால், நாற்காலி மெல்லமெல்ல இறங்கி, ஆளின் தாடையை மேஜை விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும். அவர் உட்கார்ந்தால் மட்டும் அசையாது. என்ன சூட்சுமம் என்று கேட்டால், "அதுக்கு ஆளத் தெரியும்" என்று கண்ணடிப்பார். என் நாற்காலியின் சக்கரம் ஒன்று சுற்றாது. என் முதுகுக்கு அது தெரியும். அந்தச் சன்னலோரத்தைப் பார்த்து நான் விட்ட பெருமூச்சுகளுக்கு அளவில்லை.

எதைக் கேட்டாலும் 'பாக்கலாம்' என்பதால் அவருக்கு 'பாக்கலாம் சார்' என்றே பெயர். சுற்றுலாவுக்கு வருகிறீர்களா? பாக்கலாம். காபி குடிக்கப் போகலாமா? பாக்கலாம், ஆனால் சொல்லும்போதே எழுந்துவிடுவார்.

எங்களுக்குத் தெரியாத காலம் ஒன்றும் அவருக்கு உண்டு. அப்போது அவர் ஊர் ஊராகப் போய் விபத்து நடந்த வண்டிகளை நேரில் ஆராய்ந்தவர். பேண்ட்டெல்லாம் முழங்காலில்தான் முதலில் கிழியுமாம். "வண்டிக்கு அடியில படுத்துப் பாக்காம ஒரு ரிப்போர்ட்லயும் நான் கையெழுத்துப் போட்டதில்ல" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய முதுகு நாற்காலியை விட்டு நிமிரும். அந்த நாள்களில் அவரிடம் வேலை கற்ற ஒருவர் இப்போது வேறோர் ஊரில் சின்னதாக ஒரு நிறுவனம் தொடங்கி, இவரை வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசியதால் எனக்கும் கேட்டது. "இங்க நாற்காலியெல்லாம் பெருசா கிடையாது சார். வெயில்ல அலையணும். ஆனா வண்டியக் கண்ணால பாக்கலாம். மாசக் கடைசி வரைக்கும்தான் இடத்த வெச்சிருக்க முடியும்."

"பாக்கலாம்பா" என்றார் இவர்.

அந்த அழைப்பு வந்ததிலிருந்து அவரை ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. போய்விடுவது என்று மனசுக்குள் முடிவு செய்யும் சாயங்காலங்களில் மேஜையிலிருந்து ஏதாவது ஒரு பொருளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார். காபி கோப்பை, குளிர்சாதனத்துக்குப் பயந்து வைத்திருந்த ஸ்வெட்டர், குட்டி மின்விசிறி. மறுநாள் காலையில் முடிவு கலைந்திருக்கும். பொருள் மட்டும் திரும்பி வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். செருப்பு அலமாரிக்கு மேலே எங்கள் அலுவலகம் வரிசையாக உட்கார்ந்திருந்தது. அவர் மனைவி செவிலியர். பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. "ஆபீஸ்ல பாதி இங்க வந்துடுச்சு. ஆளுதான் இன்னும் அங்கயே இருக்காரு" என்றார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "போறதுன்னா போவோம். எனக்கு எந்த ஊர்லயும் ஆஸ்பத்திரி இருக்கு. இருக்கறதுன்னா இருப்போம். ஆனா முன்ன எல்லாம் வேலை முடிஞ்சு வந்தா அழுக்கா வருவாரு, ஆனா வாய் ஓயாது. இப்ப சட்டை கசங்காம வராரு, ஒரு வார்த்த பேசறதில்ல. அதுதான் எனக்குத் தாங்கல." அவர் மகள் உள்ளிருந்தே, "அப்பா, அடுத்த வருஷம் எந்த ஸ்கூல்னு டீச்சர் கேக்கறாங்க" என்றாள். பதில் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

மாசக் கடைசி நெருங்க நெருங்க அவர் மேஜையில் கணினியைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. வரவேற்பறையில் இருப்பவரை எல்லோரும் அக்கா என்போம். யார் பிரிந்து போனாலும் வாழ்த்து அட்டை வாங்குவது அவர்தான். காலி மேஜையைப் பார்த்தார், அட்டை வாங்கிவிட்டார். உட்பக்கம் தெரியும்படி மடித்து, ஒரு கோப்புறைக்குள் வைத்து, புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கொடுத்துச் சுற்றுக்கு விட்டார். நானும் எழுதினேன். பக்கத்திலேயே இருக்கும் என்னிடம்கூடச் சொல்லாமல் முடிவெடுத்துவிட்டாரே என்று கோபம் வந்தது. அழுகையும் வந்தது. ஆனாலும் கண் நாற்காலிப் பக்கம் ஒருமுறை போய்விட்டு வந்ததை மறைப்பானேன்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டோம். அக்கா அட்டையை நீட்டி, "எங்கள மறந்துடாதீங்க சார்" என்றார்.

"எங்க போறேன் நான்?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்காவுக்கு வேர்த்துவிட்டது. "ஐயோ, மேஜை காலியா இருந்துச்சே சார். நாங்களா நெனச்சுட்டோம்." அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அட்டையைப் பிரித்துப் படித்துக்கொண்டே வந்தவரின் சிரிப்பு ஓரிடத்தில் நின்றுவிட்டது. வலது மூலையில், எந்த அட்டை வந்தாலும் அவர் எழுதும் அதே வரி: 'போகும் இடமெல்லாம் வெற்றி தொடரட்டும்.' கீழே அவருடைய கையெழுத்து.

புதிதாகச் சேர்ந்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "யாருக்குன்னு எனக்குத் தெரியாது சார். எல்லார் மேஜைக்கும் போன மாதிரி உங்ககிட்டயும் கொண்டு வந்தேன். நீங்க போன் பேசிக்கிட்டே போட்டுக் குடுத்துட்டீங்க."

அறையே குலுங்கிச் சிரித்தது. அவர் சேர்ந்துகொள்ளவில்லை. அட்டையை மேஜைமேல் விரித்து வைத்துவிட்டு, அந்தக் கையெழுத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்.

"யாருக்குன்னே பாக்காம போட்டிருக்கேன்" என்றார், எங்களிடம் அல்ல.

கூட்டம் கலைந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு திரும்பியபோது அவரைக் காணவில்லை. மேஜைக்குக் கீழே இரண்டு ஷூக்கள் மட்டும் தெரிந்தன. இஸ்திரி கலையாத சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்து, நாற்காலியின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயோ மறைவாக, அவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு திருகைக் கையால் தேடிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். எழுந்தார். முதுகெல்லாம் தூசி, தட்டிக்கொள்ளவில்லை. நாற்காலியை இரண்டு கையாலும் என் மேஜை வரை தள்ளிக்கொண்டு வந்தார்.

"உக்காருங்க. இனிமே இறங்காது."