தலையிலிருந்து இறங்காத சும்மாடு

அந்த வருஷம் எனக்கு ஐம்பத்தி மூணு வயசு. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்பேன். "மீனு" என்று கூவக்கூட எனக்குக் கூச்சம். வாடிக்கை வீடுகளின் வாசலில் போய் நிற்பேன். அவர்களாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள்.

அப்படிப்பட்டவள் துடுப்புப் போட்டிக்குப் பேர் கொடுத்தேன். மகளிர் குழுப் பெண்களுக்கென்று வைத்த போட்டி, படகுக்கு நாலு பேர். முகத்துவாரம் தாண்டிக் கடலில் இறங்கி, வடக்கே கனகசெட்டிக்குளம் வரைக்கும் துடுப்பு வலிக்க வேண்டும். முப்பது வருஷமாகக் கடல் மீனை விற்கிறேன், ஒரு நாளும் கடல்மேல் போனதில்லை. எங்கள் பக்கம் பொம்பளைகள் படகில் ஏறுவதில்லை, கரையோடு சரி.

"போய்த்தான் பாரேன். வயித்தப் பொரட்டுனா தானா எறங்கி வந்துடுவ" என்றார் என் வீட்டுக்காரர். அதற்காகவே இறங்கக்கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

வியாபாரம் முடிந்து, கூடையைக் கரையில் வைத்துவிட்டு நேராகப் பயிற்சிக்குப் போவோம், முதலில் முகத்துவாரத்துக்கு உள்ளேயே. போகிற பக்கம் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் எங்களைப் பார்த்து உட்கார்ந்து சுக்கான் பிடிப்பார். அவர் எண்ணுகிற எண்ணுக்கு நாலு பேரும் ஒன்றாய்ப் பின்னால் சாய்ந்து வலிக்க வேண்டும். மூணு பேர் சாய்ந்தார்கள். நான் நட்டு வைத்த கழி மாதிரி உட்கார்ந்து வெறும் கையால் இழுத்தேன். படகு என் பக்கமே திரும்பிக்கொண்டு போனது.

"ஏம்மா, கூடையத் தூக்கிட்டா வந்திருக்க? சாயும்மா."

"கூடைய எறக்கிட்டாங்க மாஸ்டர், கனந்தான் இன்னும் எறங்கல" என்றாள் என் பின்னால் இருந்த ஓரகத்தி.

மூணாவது வாரம் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் எடத்துல வேற பொண்ணப் போடறேன். நீ கரையில இருந்து தண்ணி, சாப்பாடு பாத்துக்க."

வேறு நாளாக இருந்தால் சரி என்று தலையாட்டியிருப்பேன். முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னேன்: "சனிக்கெழம கடல்ல ஒரு தடவ பாருங்க மாஸ்டர். அப்பவும் ஆவலன்னா நானே எறங்கிடறேன்." அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

வீட்டில் ஜன்னல் கம்பியில் பழைய சைக்கிள் டியூபைக் கட்டி, ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து இழுத்துப் பழகினேன். உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து, மீன் அலசும்போது உப்புத் தண்ணி பட்டு எரிந்தது. வியாழக்கிழமை, தெருவிலிருந்து வந்ததும் வராததுமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன், வீட்டுக்காரர் கேட்டார்.

"வீட்டுக்குள்ள எதுக்குத் தலையில சும்மாடு?"

தொட்டுப் பார்த்தேன். இருந்தது. கூடைக்கு அடியில் வைக்கிற அந்தத் துணிச் சுருணையை, கூடையை இறக்கினாலும் நான் எடுக்க மாட்டேன். வெயிலுக்கு ஆகும் என்று விட்டுவிடுவேன். படகிலும் அதோடேதான் உட்கார்ந்திருக்கிறேன். அது விழாமலிருக்கக் கழுத்து தானாக விறைத்துக்கொண்டு காவல் காத்திருக்கிறது. மீன்காரி தலையில் சும்மாடு இருந்தால் யாருக்குத்தான் வித்தியாசமாகத் தெரியும்?

சனிக்கிழமை அதை எடுத்து உட்காரும் பலகையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தேன். மொட்டையடித்த மாதிரி தலை வெறிச்சென்று இருந்தது. முகத்துவாரம் தாண்டியதும் அலை படகைத் தூக்கிப் போட்டது. வீட்டுக்காரர் சொன்னபடியே வயிறு புரட்டியது. ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தேன். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பத் துடுப்பைப் பிடித்தேன். மாஸ்டர் எண்ண எண்ணச் சாய்ந்தேன். ஒவ்வொரு சாய்ப்புக்கும் வானம் முழுசாகத் தெரிந்தது. கடலுக்குள் நிற்கும் பழைய துறைமுகப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு திரும்புகிறவரை நான் துடுப்பை நிறுத்தவில்லை, படகும் என் பக்கம் திரும்பவில்லை.

கரைக்கு வரும்வரை மாஸ்டர் எண்ணிக்கொண்டே வந்தார். இறங்கும்போது சொன்னார்: "தண்ணி, சாப்பாட்டுக்கு வேற ஆளப் பாக்கறேன்."

ஓரகத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, பலக அறுக்குது. எனக்கும் அதுல ஒண்ணு சுத்திக் குடேன்."

அன்று சாயங்காலம் பழைய புடவை ஒன்றைக் கிழித்து மூணு சும்மாடு சுற்றினேன்.